30 சீட் இருந்தால் போதுமாம்!

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் பிறந்தநாள். வீட்டோடு ஓர் ஏசி உணவகத்துக்குப் போயிருந்தோம். பெயர் வேண்டாம், கொஞ்சம் பெரிய இடம். அம்மாவுக்கு வீசிங் உண்டு. சூப்பில் ஸ்பூன் வைத்ததுதான் தாமதம், சிகரெட் புகை வந்து மூக்கில் ஏறியது.

திரும்பிப் பார்த்தால் ‘ஸ்மோக்கிங் ஸோன்’. கண்ணாடிக் கதவு ஒன்று இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். அது மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்திருந்தார்கள். சர்வர் இரண்டு கையிலும் தட்டோடு போய்வர வேண்டுமே!

மேனேஜரைக் கூப்பிட்டேன். “சார், 30 சீட் இருந்தா சட்டமே அனுமதிக்குது சார்” என்றார், சிரித்துக்கொண்டே.

இந்த ஒரு வரி மட்டும் எல்லாருக்கும் மனப்பாடம்! பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை போட்ட 2003-ஆம் வருடச் சட்டம் 30 இருக்கை உள்ள உணவகத்துக்கும், 30 அறை உள்ள ஓட்டலுக்கும், விமான நிலையத்துக்கும் புகைபிடிக்கத் தனி இடம் வைத்துக்கொள்ள விலக்கு கொடுத்தது உண்மைதான். அதற்கு அடுத்த வரிகளை யார் படித்தார்கள்? காந்தி ஜெயந்தியாகப் பார்த்து 2008 அக்டோபர் 2-இல் அமலுக்கு வந்த விதிகள் என்ன சொல்கின்றன? அந்த இடத்துக்கு நாலு பக்கமும் கூரைவரை சுவர் வேண்டும். கதவு தானாக மூடிக்கொள்ள வேண்டும். உள்ளே இருக்கும் காற்று நேராக வெளியேதான் போக வேண்டும், எங்கள் சூப்புக்கு மேலே அல்ல. 2017-இல் இன்னொன்றும் சேர்த்தார்கள்: அந்த அறைக்குள் எதையும் பரிமாறவே கூடாது. ஊதிவிட்டு வரத்தான் அந்த அறை. இங்கேயோ பட்டர் நானும் பன்னீர் டிக்காவும் வரிசையாக உள்ளே போகின்றன!

நான் குரலை உயர்த்தியதும் உள்ளேயிருந்து ஓர் அண்ணன், “அதான் தனியா இடம் போட்டிருக்காங்கள்ல, உங்களுக்கு என்ன சார்?” என்றார். கூட இருந்தவர் இன்னும் மேலே போனார்: “மிஞ்சிப்போனா 200 ரூபா ஃபைன். கட்டிட்டாப் போச்சு.” சரிதான், அவர் முன்னால் இருந்த மட்டன் பிரியாணியே அதைவிட விலை அதிகம். அவரையாவது விடலாம். பக்கத்து மேசைப் பெரியவர், தானும் இருமிக்கொண்டே, “விடுங்க தம்பி, சாப்பிட வந்த இடத்துல எதுக்கு வம்பு” என்றாரே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருமுகிறவருக்கே கோபம் வராவிட்டால் மேனேஜர் ஏன் நாற்காலியை எடுக்கப் போகிறார்?

அந்த சர்வர் பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. நாங்கள் இருந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை அந்தப் புகைக்குள் போய்வந்தான் என்று எண்ணிப் பார்த்தேன். பதினாறுக்கு மேல் எண்ணவில்லை. அவனிடம் யாரும் அனுமதி கேட்டதாகத் தெரியவில்லை.

கடைசியில் பெருந்தன்மையாக இடம் மாற்றிக் கொடுத்தார்கள். ஊதியவர்களுக்கு இல்லை, எங்களுக்கு. கை கழுவும் இடத்தை ஒட்டி ஒரு மேசை. அம்மா இன்ஹேலரை எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தார். தலைக்கு மேலே பளிச்சென்று ஒரு பலகை: ‘இங்கே புகைபிடிப்பது குற்றம்.’