பல் தேய்ந்தால் பல்லை மாற்றுங்கள், சைக்கிளை ஏன் மாற்றச் சொல்கிறீர்கள்?

"இதுக்குச் செலவு பண்றதுக்கு புதுசு ஒண்ணு எடுத்துடுங்க சார்." கோயம்புத்தூரில் கியர் சைக்கிள் பழுது பார்க்கிற எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது. கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. இப்போது சலிப்பும் போய் எரிச்சல்தான் மிச்சம்.

என் எம்டிபி, அதாவது மலைச் சைக்கிள், வாங்கி பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். 26 இன்ச் சக்கரம், முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் எட்டு. ஃபிரேமில் ஒரு விரிசல் கிடையாது. ரிம் ஆடாமல் ஓடுகிறது. தேய்ந்திருப்பது செயினும் அது உரசுகிற பற்களும் மட்டும்தான். ஆனைகட்டி ரோட்டு ஏற்றத்திலும் மழைக்காலச் சேற்றிலும் ஓடுகிற வண்டிக்கு அவை தேயாமல் எப்படி இருக்கும்? தேய்வதற்கென்றே இருக்கிற பாகங்கள் அவை. அவற்றை மாற்றிக் கொடுங்கள் என்று போய் நின்றால் வண்டியையே தூக்கிப் போடச் சொல்வது என்ன நியாயம்?

முதலில் போன கடையில் செயினை மட்டும் மாற்றிக் கையில் கொடுத்தார்கள். அளந்து பார்க்கவே இல்லை. அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், ஒரு இரும்பு ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலை வைத்தால் சரியாக 12 இன்ச் தள்ளி இன்னொரு பின்னின் நடு வர வேண்டும். அது பதினாறில் ஒரு பங்கு இன்ச் தள்ளிப் போயிருந்தால் செயினை மாற்றும் நேரம். எட்டில் ஒரு பங்கு தள்ளிப் போயிருந்தால் பின்னால் இருக்கும் கேசட்டும், அதாவது அந்த எட்டுப் பல்சக்கர அடுக்கும், பெரும்பாலும் போய்விட்டது என்று அர்த்தம். தகடு இழுபட்டு நீள்வதில்லை. பின்னும் அது உட்கார்ந்திருக்கும் துளையும் தேயத் தேய, கண்ணிக்குக் கண்ணி இடைவெளி கூடிக்கொண்டே போகிறது. அந்த இடைவெளிக்கு ஏற்றபடி கேசட்டின் பல்லும் ஒரு பக்கமாக அரித்துச் சாய்ந்துவிடும். அப்படிப்பட்ட பல்லின் மேல், கண்ணிக்குக் கண்ணி கச்சிதமாக அரை இன்ச் இருக்கிற புதுச் செயின் எப்படி உட்காரும்? அழுத்தி மிதித்ததும் பல்லைத் தாண்டிக் குதிக்கும்.

குதித்தது. ஏற்றத்தில் எழுந்து நின்று, உடம்பு எடை மொத்தமும் ஒரு பெடலில் இருந்த நேரத்தில் கால் அப்படியே கீழே போனது. முழங்கால் ஹேண்டில்பாரில் மோதி, வண்டி ரோட்டின் நடுப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது. பின்னால் டவுன் பஸ் வந்துகொண்டிருந்தது. திரும்பப் போய்க் கேட்டால் "ஓட்ட ஓட்ட செட் ஆயிடும்" என்கிறார்கள். ஆகாது! தேய்ந்த எஃகு திரும்ப வளராது. தெரியாமல் சொன்னால் அந்தக் கடையில் கியர் சைக்கிளைத் தொடக்கூடாது. தெரிந்தே சொன்னால் அடுத்தவன் உயிரோடு விளையாடுகிறார்கள்.

சரி, கேசட் மாற்றுவதாவது பெரிய வேலையா என்றால் அதுவும் இல்லை. பல்லைப் பிடித்துக்கொள்ள ஒரு செயின் விப், மேலே இருக்கும் லாக்ரிங்கைக் கழற்ற ஒரு டூல், திரும்ப மாட்டும்போது 40 நியூட்டன் மீட்டர் இறுக்கம், அவ்வளவுதான். எட்டு கியர் கேசட்டும் செயினும் இன்னமும் தயாராகின்றன, விலையும் கட்டுப்படியாகிறது. அதற்காக நன்றி சொல்லத்தான் வேண்டும்.

என்னைக் கொதிக்க வைப்பது முன்பக்கம். 22, 32, 42 பற்கள் என்று மூன்று பல்சக்கரங்கள். ஏறக்குறைய எல்லா ஓட்டமும் நடுவில் இருக்கும் 32-இல்தான் என்பதால் தேய்ந்ததும் அது ஒன்றுதான். 42-இல் பெயின்ட்கூடப் போகவில்லை. நடுவில் இருப்பதை மட்டும் கழற்றி மாற்றலாமே? முடியாது. நாலு போல்ட் வைக்க வேண்டிய இடத்தில் மூன்றையும் சேர்த்து ரிவிட் அடித்து வைத்திருக்கிறார்கள். ஒரு சக்கரம் தேய்ந்தால் நல்லா இருக்கிற மற்ற இரண்டையும் பெடல் மாட்டியிருக்கும் கிராங்க் கையையும் சேர்த்துக் குப்பையில் போட வேண்டும். கொஞ்சம் விலை கூடின கிராங்குகளில் 104 மில்லிமீட்டர் வட்டத்தில் போல்ட் இருக்கிறது, ஆலன் கீ இருந்தால் வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். ஆக, வழி தெரியாமல் இல்லை. விலை குறைந்த சைக்கிள் வாங்குகிறவனுக்கு அந்த வழியை அடைத்து வைத்திருக்கிறார்கள். பழுது பார்க்கிற தேவை அவனுக்குத்தானே அதிகம்?

அதோடு முடிந்ததா? கிராங்க் மாடல் மாறினால் அது உட்காரும், ஃபிரேமின் அடியில் இருக்கும் பாட்டம் பிராக்கெட்டின் அச்சு நீளமும் மாற வேண்டிவரும். 113, 118, 122.5 மில்லிமீட்டர் என்று சதுர அச்சிலேயே எத்தனை நீளம்! தப்பான நீளத்தைப் போட்டால் செயின் கோணலாக ஓடி, புதிதாகப் போட்டதையும் சீக்கிரம் தின்றுவிடும். ஒரு பல்லுக்காகப் போனவன் கிராங்க், அச்சு, கேசட், செயின் என்று பட்டியலோடு வெளியே வருகிறான். அந்தப் பட்டியலைக் காட்டித்தான் "புதுசு எடுத்துடுங்க" என்கிறார்கள்.

இவ்வளவுக்கும் அந்தப் பாட்டம் பிராக்கெட் முடுக்கப்படும் ஃபிரேமின் மரை எது தெரியுமா? 1.37 இன்ச், இன்ச்சுக்கு 24 மரை. பர்மிங்ஹாமில் இருந்த பிஎஸ்ஏ கம்பெனியின் பெயரிலேயே இன்றுவரை வழங்கும் அளவு அது. எத்தனையோ பத்தாண்டுகள் தாண்டி இன்றைக்கு வரும் புது ஃபிரேம்களிலும் இருக்கிறது. ஒரு அளவை மாற்றாமல் வைத்துக்கொள்ள முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

என்னுடையது எட்டு கியர், அதனால் இந்த மட்டோடு தப்பித்தேன். ஒன்பது கியர் வைத்திருக்கும் நண்பர்கள் பாடு இன்னும் மோசம். 2010-இல் மலைச் சைக்கிளுக்கு பத்து கியர் வந்தபோது கியர் பாகங்கள் செய்யும் ஷிமானோ கம்பெனி, ஒரு கியருக்குக் கேபிள் எவ்வளவு இழுபட வேண்டும் என்ற கணக்கையே மாற்றியது. அந்தப் பத்து கியர் ஷிஃப்டரோடு (ஹேண்டில்பாரில் கியர் மாற்றும் விசை) பழைய ஒன்பது கியர் டீரெயிலர் (செயினைப் பல்சக்கரம் மாற்றி நகர்த்தும் பாகம்) வேலை செய்யாது. 2018-இல் அவர்களுடைய மைக்ரோ ஸ்ப்லைன் வந்தது, கேசட் ஏறுகிற ஹப்பின் (சக்கரத்தின் நடுப்பாகம்) வடிவமே வேறு. 2023-இல் க்யூஸ் என்ற அவர்களுடைய பாக வரிசை வந்தது. அதில் 9, 10, 11 கியர் பாகங்கள் தங்களுக்குள் பெரும்பாலும் சேரும். நல்ல யோசனைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழைய ஒன்பது கியர் டீரெயிலரோடும் ஷிஃப்டரோடும் அது சேராது. ஏற்கனவே ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கும் சைக்கிள்களை யார் நினைத்துப் பார்த்தார்கள்?

1949-இல் அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் தொடங்கிய காலத்திலிருந்து பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய வண்டிகளை எண்ணிப் பாருங்கள். அரை இன்ச் கண்ணி, எட்டில் ஒரு பங்கு இன்ச் அகலம் என்ற அளவில் செயின், பின்னால் ஒற்றைப் பல்சக்கர ஃப்ரீவீல், கிராங்கை அச்சோடு பிடிக்க ஒரு காட்டர் பின். எந்த ஊர்ச் சைக்கிள் கடையிலும் அந்தப் பாகங்கள் டப்பாவில் கிடக்கும். அப்பா ஓட்டியதை மகன் ஓட்டினான். அதைவிடப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கிய வண்டிக்கு ஒரு பல்சக்கரம் தேடி நான் ஊர் ஊராகப் போன் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அரசாங்கமும் இதைக் கண்டுகொள்ளவில்லை. பழுது பார்க்கும் உரிமை என்று 2022-இல் மத்திய அரசு பேச ஆரம்பித்தபோது விவசாயக் கருவிகள், செல்போன், வீட்டுச் சாதனங்கள், மோட்டார் வாகனங்கள் என்று நான்கு துறைகளைச் சொன்னார்கள். சைக்கிளுக்கு அதில் இடமில்லை. 2025 செப்டம்பரில் சைக்கிளுக்கும் உதிரி பாகத்துக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது, சந்தோஷம். கிடைக்காத பாகத்துக்கு வரி குறைந்து எனக்கு என்ன பயன்?

சைக்கிள் செய்கிறவர்களே, உங்கள் மலிவான மாடலிலும் நாலு போல்ட் வையுங்கள், ரிவிட் அடிக்காதீர்கள். கிராங்குக்கு எந்த அச்சு நீளம் என்பதை வண்டியோடு தரும் புத்தகத்தில் அச்சடித்துக் கொடுங்கள். விற்கிற ஒவ்வொரு மாடலுக்கும் எத்தனை வருஷம் உதிரி பாகம் தருவீர்கள் என்று பில்லிலேயே எழுதுங்கள். பத்து வருஷத்துக்குக் குறைந்து எழுதினால் வாங்க வருகிறவர் அதைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போகட்டும்.