லோமாண்ட்ராவுக்கு நட்ட நாளிலிருந்தே தண்ணீர் வேண்டாமா?

கலிஃபோர்னியா, மெல்போர்ன் பக்கம் தோட்டம் போடுகிறவர்களிடையே ஒரு தகவல் சுற்றுகிறது: புல் மாதிரி இருக்கும் லோமாண்ட்ரா என்ற தோட்டச் செடி வறட்சியைத் தாங்குமாம், அதனால் நட்ட நாளிலிருந்தே தண்ணீர் வேண்டாமாம், குளிர்காலத்தில் தரையோடு வெட்டிவிட வேண்டுமாம். தண்ணீர் வேண்டாம் என்பது, தரையோடு வெட்டுவது, இரண்டுமே தவறு, நம்பாதீர்கள்.

வறட்சியைத் தாங்குவது நன்றாக வேர் பிடித்த செடிதான். தொட்டியிலிருந்து எடுத்து நட்டதன் வேர்கள் இன்னும் அந்தச் சின்ன மண் உருண்டைக்குள்ளேயே இருக்கும், அது காய்ந்துவிட்டால் பக்கத்து மண்ணில் ஈரம் இருந்தும் பயனில்லை. முதல் கோடை முழுக்க, வெயில் கடுமையென்றால் அடுத்த கோடையிலும், மண் காயக் காய வேர் வரை நனைகிற மாதிரி ஊற்றுங்கள். தினமும் மேலாகத் தெளித்தால் வேர் கீழே இறங்காது. அப்புறம் குறைத்துக்கொள்ளலாம்.

சரி, வெட்டுவது? கிழக்கு ஆஸ்திரேலியாவில் இயல்பாக வளரும் இது பார்க்கத்தான் புல், உண்மையில் நம் தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பம். குளிரில் பழுப்பாகிக் காயும் அலங்காரப் புற்களைத்தான் வருடாவருடம் தரையோடு வெட்டுவார்கள். லோமாண்ட்ரா எப்போதும் பச்சையாக நிற்பது, அதைப் போய் ஏன் மொட்டையடிக்க வேண்டும்? காய்ந்த இலைகளைக் கையுறை போட்டு உருவி எடுத்தால் போதும். பல வருடமாகிச் சோர்ந்துபோன தூரை மட்டும் கொஞ்சம் உயரம் விட்டு வெட்டுங்கள், மறுபடி துளிர்க்கும்.