பிரிட்டன் பாராளுமன்றத்துக்குத் தேர்வான முதல் பெண் நான்சி ஆஸ்டர் அல்ல

"பிரிட்டன் பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் நான்சி ஆஸ்டர்" என்று ஒரு பொது அறிவுக் குறிப்பு சுற்றி வருகிறது. இது தவறு. ஆஸ்டர் வென்றது 1919 நவம்பர் இடைத்தேர்தலில். அதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பே, 1918 டிசம்பர் பொதுத்தேர்தலில், அப்போது பிரிட்டன் ஆட்சியில் இருந்த அயர்லாந்தின் டப்ளின் நகரில், செயின்ட் பேட்ரிக்ஸ் தொகுதியில் கான்ஸ்டன்ஸ் மார்க்கீவிச் ஜெயித்துவிட்டார். அந்தத் தேர்தலில் நின்ற 17 பெண்களில் வென்றவர் இவர் ஒருவர்தான். அதுவும் லண்டன் ஹாலோவே சிறைக்குள் இருந்தபடியே!

சரி, குழப்பம் எங்கே வந்தது? அவையில் போய் அமர்ந்த முதல் பெண் ஆஸ்டர், அது உண்மை. மார்க்கீவிச் அமரவில்லை. சிறையில் இருந்ததால் அமர முடியவில்லை என்று சிலர் எழுதுகிறார்கள், அதுவும் சரியல்ல. மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மாட்டோம், லண்டன் அவைக்கே போக மாட்டோம் என்பது, அயர்லாந்தின் விடுதலை கேட்ட அவருடைய சின் ஃபெயின் கட்சியின் முடிவு. 1919 மார்ச்சில் விடுதலையான பிறகும் அவர் அங்கே உறுப்பினராக அமரவில்லை.

சின் ஃபெயின் உறுப்பினர்கள் டப்ளினிலேயே தனி அவை கூட்டினார்கள். 1919 ஜனவரி 21, மேன்ஷன் ஹவுஸ். பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கிறார்கள். மார்க்கீவிச் பெயர் வந்ததும் ஐரிஷ் மொழியில் பதில்: "அந்நியரின் சிறையில்." அன்று பலர் பெயருக்கும் இதே பதில்தான்.

சிறை அவருக்குப் புதிதல்ல. பிரிட்டன் ஆட்சிக்கு எதிராக டப்ளினில் நடந்த 1916 ஈஸ்டர் எழுச்சியில் பங்கேற்றதற்காக விதித்த மரண தண்டனையை, பெண் என்ற ஒரே காரணத்தால் ஆயுள் தண்டனையாக மாற்றியிருந்தார்கள். 1919 ஏப்ரலில் அதே டப்ளின் அவை அவரைத் தொழிலாளர் அமைச்சராக்கியது.