ஓட்டையை அடைக்காமல் ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள்

உங்கள் பிளாஸ்டரில் (ஸ்பிரிங்கால் நுரை டார்ட் சுடும் பொம்மைத் துப்பாக்கியில்) டார்ட் நாலு அடி போய்ப் பொத்தென்று விழுகிறதா? யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "பெரிய ஸ்பிரிங் போடு." பிளாஸ்டருக்கு என்ன கோளாறு என்று ஒருவரும் கேட்பதில்லை. நேராக 8 கிலோ ஸ்பிரிங்தான், அதாவது அழுத்த ஏறக்குறைய 8 கிலோ பலம் கேட்கிற ஸ்பிரிங். ரெண்டே வாரத்தில் பம்பின் தண்டு மாதிரி உள்ளே ஓடும் பிளஞ்சரைப் பிடித்து வைக்கும் கேட்ச் தேய்ந்து, அந்தப் பிளஞ்சரின் தலை விரிசல் விட்டு, உறையின் திருகுத் தூண்கள் பிளந்து, நல்ல பொம்மை குப்பைக்குப் போகிறது. பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

ஸ்பிரிங் டார்ட்டைத் தள்ளுவதில்லை. ஸ்பிரிங் பிளஞ்சரைத் தள்ளும், பிளஞ்சர் காற்றைத் தள்ளும், அந்தக் காற்றுதான் டார்ட்டைத் தள்ளும். நடுவில் காற்று கசிந்தால் எந்த ஸ்பிரிங்கும் பிரயோஜனமில்லை. அதைவிட மோசம் இன்னொன்று. டார்ட்டுக்குப் பின்னால் அழுந்தி நிற்கும் காற்றுதான் பிளஞ்சருக்கு மெத்தை. அது இல்லையென்றால் பிளஞ்சர் தலை நேராக அது ஓடும் குழாயின் முகப்பில் போய் அறையும். டார்ட் இல்லாமல் வெற்றாகச் சுடக்கூடாது என்று எல்லோரும் சொல்கிறார்களே, கசிகிற பிளாஸ்டர் டார்ட் போட்டுச் சுட்டாலும் ஏறக்குறைய வெற்றாகத்தான் சுடுகிறது. அதில் ஸ்பிரிங்கை வேறு ஏற்றினால் உடையாமல் என்ன செய்யும்?

முதலில் எங்கே கசிகிறது என்று பாருங்கள். பேரல் (டார்ட் வெளியேறும் குழல்) வாயை உள்ளங்கையால் மூடிச் சுட்டுப் பார்ப்பது மட்டும் போதாது. மேகசின் (டார்ட் அடுக்கும் பெட்டி) வைக்கிற பல மாடல்களில் முன்னால் தெரிகிற பேரல் வெறும் அலங்காரம்; அதன் இணைப்பில் காற்று போகத்தான் செய்யும். பிளஞ்சர் குழாயைத் தனியாகக் கழற்றுங்கள், ஸ்பிரிங்கை எடுத்துவிடுங்கள். காற்று வெளியேறும் துளையைக் கட்டைவிரலால் இறுக்க மூடி, தண்டைக் கையால் அழுத்துங்கள். வாயடைத்த சைக்கிள் பம்ப் போல எதிர்த்து நிற்க வேண்டும், விட்டால் பின்னுக்குத் துள்ள வேண்டும். ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால் மெல்ல இறங்குகிறதா? கசிவு இருக்கிறது. இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி அழுத்துங்கள். குமிழி வந்தால் அங்கேதான். எங்குமே குமிழி இல்லையென்றால் காற்று, பிளஞ்சர் தலையைச் சுற்றிய ரப்பர் வளையமான ஓ-ரிங்கைத் தாண்டிப் பின்பக்கமாகப் போகிறது. இதற்கு ஐந்து நிமிடம் ஆகுமா? அதைச் செய்ய ஏன் இத்தனை தயக்கம்?

ஓ-ரிங் தளர்வாக இருந்தால் அடுத்த கொடுமை எலக்ட்ரிகல் டேப். வேண்டாம். அந்த டேப் தடிப்பு. சுற்று முடிகிற இடத்தில் ஒரு படி நிற்கும். அந்தப் படி மேல் ஓ-ரிங் ஏறி, அதை ஒட்டிப் பிறை நிலா மாதிரி ஒரு சந்து விழும். காற்று அந்தச் சந்து வழியாகவே ஓடும். கிரீஸ் பட்டதும் டேப்பின் பசை நழுவி, சுருண்டு வேறு வெளியே வரும். குழாய்க்காரர்கள் பயன்படுத்தும் வெள்ளை டெஃப்லான் டேப்பை எடுங்கள். அது சாதாரணமாக 12 மி.மீ. அகலம், ஓ-ரிங் உட்காரும் பள்ளம் அதைவிட ரொம்பக் குறுகல், அதனால் பள்ளத்தின் அகலத்துக்கு நீளவாக்கில் நறுக்குங்கள். ஓ-ரிங்கைக் கழற்றி, பழைய கிரீஸைத் துடைத்து, இழுத்துப் பிடித்தபடி பள்ளத்தில் இரண்டு சுற்று. ரிங்கை அதன் மேல் மாட்டிச் சோதியுங்கள். போதவில்லையா, இன்னும் ஒரே ஒரு சுற்று. துளை திறந்திருக்கும்போது ஒரு விரலால் தள்ளினாலே பிளஞ்சர் வழுக்கிப் போக வேண்டும். முக்கி முக்கித் தள்ள வேண்டியிருந்தால் ஸ்பிரிங்கின் பலத்தை உராய்வே தின்றுவிடும்.

ஒரு எச்சரிக்கை. சில தலைகளில் பள்ளம் வேண்டுமென்றே அகலமாக இருக்கும். பின்னுக்கு இழுக்கும்போது ரிங் நகர்ந்து காற்றை உள்ளே விடும், சுடும்போது நகர்ந்து அடைக்கும். அந்தப் பள்ளத்தை டேப்பால் நிரப்பினால் அடுத்த முறை இழுக்கும்போது டார்ட் பின்னால் உறிஞ்சப்படும்.

கிரீஸ் விஷயத்தில் நடக்கிற அக்கிரமம் தனி. துரு நீக்கும் ஸ்ப்ரேயை அடிக்கிறார்கள், வாசலினை அப்புகிறார்கள். பெட்ரோலியப் பொருள்கள் சில ரப்பர்களை ஊத வைக்கும், சில பிளாஸ்டிக்கில் விரிசல் விடவைக்கும். சிலிக்கான் கிரீஸ், மிளகளவு, ரிங் பளபளக்கும் அளவுக்கு மட்டும். ரிங்கே சிலிக்கான் ரப்பரால் ஆனதென்றால் அதுவும் கூடாது. அந்த ரப்பர் சிலிக்கான் எண்ணெயில் ஊதும். துடைக்க ஐசோபுரோபைல் ஆல்கஹால் போதும். தின்னரோ அசிட்டோனோ பட்டால் ஏபிஎஸ் பிளாஸ்டிக் உறை கரையும்.

ஏர் ரெஸ்ட்ரிக்டரை (காற்றோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறு அடைப்பானை) பிடுங்கிய ஓட்டையில் ஹாட் குளூவை ஊற்றுகிறார்களே, அது நாலு அடி வாங்கினதும் தோலாக உரிந்து வந்துவிடும். 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, எபாக்சி போட்டு 24 மணி நேரம் தொடாமல் விடுங்கள். வழுவழுப்பான அசிட்டால் பிளாஸ்டிக் பாகமென்றால் எபாக்சியும் சரியாக ஒட்டாது, திருகுதான் வழி. துளையிட்ட பிசிறுகளை ஊதித் தள்ளாமல் மூடாதீர்கள். ஒரு பிசிறு போதும், குழாயின் உள்சுவரில் நீளவாக்கில் கோடு கிழிக்கும். அந்தக் கோடு காற்றுக்குப் போட்டுக் கொடுத்த வாய்க்கால். லேசான கோடென்றால் 1000, பிறகு 2000 நம்பர் தாளை நனைத்து வட்டவாக்கில் தேய்க்கலாம். நகம் மாட்டினால் குழாயையே மாற்றுங்கள்.

ரிவால்வர் போன்ற சுழல் உருளை மாடல்களில் உருளைக்கும் முகப்புக்கும் நடுவே இருக்கிற மெத்து வளையம்தான் பெரும்பாலும் குற்றவாளி. அந்த இடுக்குப் பக்கம் ஒரு டிஷ்யூ பேப்பர் துண்டைத் தொங்கவிட்டுச் சுடுங்கள். துண்டு படபடத்தால் வளையம் நசுங்கிவிட்டது.

எல்லாம் அடைத்தாயிற்று, இன்னும் வேகமில்லையா? பேரல் நீளத்தைக் கணக்குப் போடுங்கள். பேரலின் கொள்ளளவைப் போலப் பிளஞ்சரின் கொள்ளளவு 3 முதல் 4 மடங்கு இருக்க வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. 35 மி.மீ. விட்டம், 100 மி.மீ. ஓட்டம் என்றால் சுமார் 96 சி.சி. காற்று. 12.7 மி.மீ. பேரல் 25 செ.மீ.யிலேயே 32 சி.சி. பிடித்துவிடும். அதற்குமேல் நீட்டினால் காற்று தீர்ந்து பேரலே டார்ட்டைப் பிடித்து இழுக்கும். அழகுக்காக அரை மீட்டர் பேரல் மாட்டிவிட்டு ஸ்பிரிங்கைத் திட்டுவது என்ன நியாயம்?

இத்தனையும் முடித்து, பழைய ஸ்பிரிங்கிலேயே பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு சுட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் வேண்டுமென்றால் 5 கிலோவில் தொடங்குங்கள்.