மாலுமி என்று சொல்லி ரூசேலைக் குறைக்காதீர்கள்

ஆல்பேர் ரூசேல் பேச்சு வந்தாலே "கப்பல்காரர், பிறகு இசையமைப்பாளர்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதை நம்பி அவர் இசையில் அலையோசை தேடினால் ஏமாற்றம்தான். கடலை ஆர்கெஸ்ட்ராவுக்குள் கொண்டுவந்தவர் இன்னொரு பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸ்ஸி. அவர் கப்பலில் வேலை பார்த்தவரில்லை. பார்த்த ரூசேல் எழுதியதோ காடு, சிலந்தி, சித்தோர் கோட்டை.

1869-ல் வட பிரான்சின் தூர்க்குவேனில் பிறந்தார். எட்டு வயதுக்குள் தாய் தகப்பன் இருவரும் இல்லை. 1887-ல் கடற்படைப் பள்ளி. ஸ்டிக்ஸ் என்ற பீரங்கிப் படகில் கொச்சின்சீனா (இன்றைய தெற்கு வியட்நாம்) வரை போனார். அவருடைய திருமண ஊர்வல இசை ஒன்றை நடத்துநர் கொலோனிடம் காட்டுவதாக வாங்கிப்போன சக அதிகாரி கால்வே, "வேலையை விட்டுவிட்டு இசைக்கு வா என்கிறார்" என்று வந்து சொன்னார். காட்டவே இல்லை என்பதைப் பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். இவ்வளவு நல்ல பொய் இசை வரலாற்றில் குறைவு. 1894-ல், 25 வயதில், ராஜினாமா.

என்னைக் கேட்டால் அடுத்த பதினான்கு வருடம்தான் முக்கியம். பாரிசில் ஆர்கன் கலைஞர் ஜிகூவிடம் பாடம். 1898 முதல் ஸ்கோலா கான்தோரம் என்ற இசைப்பள்ளியில் இசையமைப்பாளர் தெந்தியிடம். 1902-லேயே அங்கே கவுண்டர்பாயிண்ட் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். 1905-ல் அந்த வகுப்பில் வந்து உட்கார்ந்தவர் இசையமைப்பாளர் எரிக் சாத்தி, வாத்தியாரைவிட மூன்று வயது மூத்தவர்! ஒரே நேரத்தில் ஓடும் பல மெட்டுகள் ஒன்றையொன்று மிதிக்காமல் நடக்க வைப்பதுதான் கவுண்டர்பாயிண்ட். ரூசேலின் பிற்கால இசையின் எலும்பு அதுதான். அவரை டெபுஸ்ஸியின் நிழல் என்பவர்கள் ஆரம்பகாலத்தோடு நின்றுவிட்டவர்கள்.

1909-ல் மனைவி பிளான்ஷோடு இந்தியா வந்தார். எல்லோரா, ஜெய்ப்பூர், காசி மூன்றும் 'எவோகாசியோன்' என்ற ஆர்கெஸ்ட்ரா படைப்பு ஆயின. சித்தோர், 1923-ல் பாரிஸ் ஓபராவில் அரங்கேறிய 'பத்மாவதி' ஆனது. (ஆந்திராச் சித்தூர் இல்லை, ராஜஸ்தான்.) பாட்டு, நடனம், சொல்லில்லாமல் பாடும் கோரஸ் என எல்லாம் சேர்ந்த ஓபரா-பாலே, மேடையேற்றுவது லேசில்லை.

நம் காதுக்கு நேரான வாசல் புல்லாங்குழலுக்கும் பியானோவுக்கும் அவர் எழுதிய 1924-ன் 'புல்லாங்குழல்காரர்கள்', அதில் மூன்றாவதான 'கிருஷ்ணா'. மேற்கத்திய ஸ்வரமான ஏ-யை (A) ஷட்ஜமாக வையுங்கள். பிறகு பி ஃபிளாட், சி ஷார்ப், டி ஷார்ப், ஈ, எஃப், ஜி ஷார்ப். ச ரி1 க3 ம2 ப த1 நி3: நமக்கு அது பந்துவராளி! ஆனால் நிகழ்ச்சிக் குறிப்புகளில் 'ஸ்ரீ ராகம்' என்றிருக்கும். தப்பில்லை, அது இந்துஸ்தானி ஸ்ரீ. தியாகராஜரின் பஞ்சரத்தினத்தில் கடைசியாக வரும் நம் ஸ்ரீராகம் கரகரப்பிரியாவில் பிறந்தது, வேறு ஆள். தாளம் 7/8, சுற்றுக்கு ஏழு எண்ணிக்கை. மிச்ர சாபு போட்டுக் கேட்கலாம், ஆனால் கமகத்தை எதிர்பார்க்காதீர்கள். பியானோவில் ஸ்வரம் அசையாது, ராகம் ஸ்கேலாகத்தான் நிற்கும். அதை இந்திய இசை என்று கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பிரெஞ்சு இசை, நல்ல பிரெஞ்சு இசை.

ஆனால் ரூசேல் முழுசாக வெளிப்படுவது மூன்றாம் சிம்பொனியில். பாஸ்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவின் ஐம்பதாம் ஆண்டுக்காக அதன் நடத்துநர் கூசெவிட்ஸ்கி கேட்டு வாங்கியது; 1930 அக்டோபர் 24-ல் அரங்கேற்றம், அப்போது ரூசேலுக்கு 61. நீளம் அரைமணிக்கும் குறைவு. முதல் பகுதியின் உச்சத்தில் ஐந்து ஸ்வரத் துணுக்கு ஒன்று முழங்கும், அதை மனதில் பிடித்துக்கொள்ளுங்கள். மெதுவான இரண்டாம் பகுதியில் அதே ஐந்து வேறு முகத்தோடு வரும், கடைசிப் பகுதியிலும் விடாது. முதல் தடவை வெறும் இரைச்சலாகப் பட்டால் ஒலியைக் குறைத்து, அடியில் ஓடும் கீழ்ஸ்தாயி மெட்டை (பாஸ் வரி) மட்டும் பின்தொடர்ந்து இன்னொரு முறை கேளுங்கள்.