யாரைத் தனியாக வைக்கிறீர்கள்?

மூன்று நாட்களாக இதைப் பற்றி எழுத வேண்டாம் என்றே இருந்தேன். அந்தக் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சிலர் எனக்கே அனுப்பியும் வைத்தீர்கள். தமிழ்த் திரையின் தலைசிறந்த நடிகைகள் யார் யார் என்று பேசிக்கொண்டிருக்கையில் ஒருவர் மனோரமாவின் பெயரைச் சொன்னார். எதிரில் இருந்தவர், "ஆச்சி காமெடிதானே, அவங்களைத் தனியா வைப்போம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். அவர் ஏளனமாகச் சொல்லவில்லை. ஆச்சி என்று அன்போடுதான் சொன்னார். அந்த அன்புதான் என்னைத் தூங்கவிடவில்லை.

எதற்காகத் தனியாக வைக்க வேண்டும்? மன்னார்குடியில் 1937இல் கோபிசாந்தாவாகப் பிறந்து, செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் வளர்ந்து, வறுமையால் படிப்பைப் பாதியில் விட்டு, சிறுமியாகவே நாடக மேடை ஏறியவர் அவர். எஸ். எஸ். ராஜேந்திரனின் நாடகக் குழுவில் 'மணிமகுடம்' போன்ற நாடகங்களில் நடித்துப் பெயர் வாங்கிய பிறகே சினிமாவுக்கு வந்தார். மேடையில் இரண்டாவது டேக் கிடையாது. வசனம் மறந்தால் அந்த இடத்திலேயே சமாளிக்க வேண்டும், கடைசி வரிசையில் இருப்பவருக்கும் குரல் போய்ச் சேர வேண்டும். அந்தப் பயிற்சியோடு 1958இல் 'மாலையிட்ட மங்கை'யில் திரைக்கு வந்தவர், 1963இல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவும் நடித்தார். அவர் நடிகை. நகைச்சுவை, அந்த நடிகை செய்த வேலைகளில் ஒன்று.

அவருடைய பேச்சை மட்டுமாவது கவனித்துக் கேளுங்கள். 1967இல் 'அனுபவி ராஜா அனுபவி'யில் தூத்துக்குடிப் பெண்ணாக வருகிறார். அடுத்த ஆண்டு 'பொம்மலாட்டம்' படத்தில் அவரே பாடிய பாட்டில் சென்னைத் தமிழ் தெறிக்கிறது. 'சின்ன கவுண்டர்' வரும்போது ஆண்டு 1992; அங்கே கொங்கு நாட்டு ஆத்தா. ஊர் மாறும்போது உச்சரிப்பு மட்டுமா மாறுகிறது? இடுப்பில் கை வைக்கும் விதம், கோபம் வந்தால் முந்தானையை இழுத்துச் செருகும் வேகம், அழுகை எந்த இடத்தில் உடைய வேண்டும் என்ற கணக்கு எல்லாமே மாறுகின்றன. கதாநாயகி வேடத்தில் இதைச் செய்தால் நடிப்பு என்கிறோம். 'சம்சாரம் அது மின்சார'த்தில் வீட்டு வேலை செய்யும் கண்ணம்மாவாக அவர் செய்தால் மட்டும் காமெடி என்று சொல்லித் தனியாக வைக்கிறோம்.

அவரே விரும்பித்தானே அந்த வேடங்களை ஏற்றார் என்று சிலர் கேட்பீர்கள். முதல் படத்தில் நகைச்சுவை வேடம் தந்தபோது, கதாநாயகியானால் சில ஆண்டுகள்தான் நிலைக்க முடியும், இதில் நெடுநாள் இருக்கலாம் என்று கண்ணதாசன் சொன்னதை அவரே பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். உண்மைதான். ஆனால் அந்த அறிவுரைக்குள் இருக்கும் நியாயமின்மையை யோசித்தீர்களா? பெண் நடிகைக்குச் சில ஆண்டுகளே ஆயுள் என்று ஒரு தொழிலே முடிவுசெய்து வைத்திருந்தபோது, பிழைக்க இருந்த வழியில் அவர் நடந்தார். அந்த வழியையே காரணமாகக் காட்டி இன்று அவரை ஒதுக்குவது எந்த ஊர் நியாயம்?

ஆயிரம் படங்களைத் தாண்டியதற்குக் கின்னஸ் பதிவு, 2002இல் பத்மஸ்ரீ, எல்லாம் கிடைத்ததே, இன்னும் என்ன குறை என்பீர்கள். 'புதிய பாதை'க்காகத் தேசிய விருது வந்தபோது அவர் திரைக்கு வந்து முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அதுவும் துணை நடிகைக்கான விருது. 'பொம்பளை சிவாஜி' என்ற பட்டத்தையும் என்னால் முழு மனதோடு கொண்டாட முடியவில்லை. ஒரு பெண்ணின் திறமையைச் சொல்ல ஏன் ஓர் ஆணின் பெயர் தேவைப்படுகிறது? அவருடைய நகைச்சுவையில் சில இடங்கள் இன்றைக்கு முகம் சுளிக்க வைக்கின்றன என்பதும் தெரியும். அந்த வசனங்களை எழுதியவர் அவர் இல்லை. அதற்கு மேல் அதைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

என் கோபம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அத்தை புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகங்களில் டான்ஸ் வேடம் கட்டியவர். பங்குனி, சித்திரைத் திருவிழாக்களில் இரவு பத்து மணிக்குத் தொடங்கும் வள்ளி திருமணம் விடிந்துதான் முடியும். ராஜபார்ட் என்கிற கதாநாயகன் வருவதற்கு முன்னால், பபூன் என்கிற கோமாளியோடு தர்க்கம் பேசி ஆடி, கூட்டத்தைக் கலையாமல் பிடித்து வைப்பது அத்தையின் வேலை. ஊரே விழுந்து விழுந்து சிரிக்கும். மறுநாள் பகலில் அதே ஊரில் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். என் அக்காவின் திருமணப் பத்திரிகையில் அத்தையின் பெயரைப் போடவில்லை. பந்தியில் அவரைக் கடைசி வரிசைக்கு அனுப்பி, "நீங்க தனியா உக்காருங்க, வசதியா இருக்கும்" என்றார்கள். அதையும் அன்பாகத்தான் சொன்னார்கள். பத்து வயதில் எனக்கு அது புரியவில்லை. நானும் அத்தையோடு போய் உட்காரவில்லை.

'தில்லானா மோகனாம்பாள்' படத்தை அத்தையோடு தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். ஜில் ஜில் ரமாமணியாக மனோரமா வந்தவுடன் வீடே சிரிக்கும், அத்தை மட்டும் சிரிக்கமாட்டார். மேடையில் ஆடிப் பிழைக்கும் ஒரு பெண் தன் மானத்தையும் வெள்ளந்தியான மனதையும் எப்படி ஒருசேரச் சுமக்கிறாள் என்பதை அவர் அங்கே பார்த்துக்கொண்டிருந்தார் என்று இப்போது நினைக்கிறேன். பத்மினி ஆடிய படத்தில், சிவாஜி நாதஸ்வரக்காரராக நின்ற படத்தில், அத்தைக்குத் தன்னுடைய ஆளாகத் தெரிந்தது அந்த ஒரு முகம்தான்.

2015 அக்டோபரில் மனோரமா இறந்த நாளன்று எல்லா அலைவரிசைகளும் அவருடைய நகைச்சுவைக் காட்சிகளையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தன. அத்தை சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். படம் மட்டும் ஓடியது. வெகுநேரம் பார்த்துவிட்டு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "மூஞ்சிய மட்டும் பாருடா. நம்மளத்தான் சிரிக்க வைக்கிறா, அவ ஒரு தடவகூடச் சிரிக்கல" என்றார். நான் அன்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தேன்.