நாற்பது நிமிஷத்தில் இரண்டே தடவை

போன வருஷம் ஆடி மாதம் எனக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. பள்ளிக்கூடப் படியில்தான். லீவு போட முடியாது, எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. வியாழக்கிழமை கடைசி பீரியட் பி.டி. மூன்று, நான்கு, ஐந்து வகுப்புகளைச் சேர்த்து 23 பிள்ளைகள். விசிலை ஐந்தாம் வகுப்பு லீடர் பையனிடம் கொடுத்து, "நீ நடத்துடா" என்று சொல்லிவிட்டு வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வழக்கமான விளையாட்டுதான். வட்டமாக நிற்க வேண்டும், ஒரு பந்து சுற்றி வரும், விட்டவர் அவுட்.

எழுந்து நடமாட முடியாததால் சும்மா ஒரு பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வகுப்புப் பெண், கொஞ்சம் பூசினாற்போல் இருப்பாள், பேச்சு குறைவு. வரிசை கட்டி, வட்டம் போட்டு, "டீச்சர் இவன் என் எடத்துல நிக்கிறான்" சண்டை தீர்ந்து பந்து கிளம்பவே பத்து நிமிஷம் ஆகிவிட்டது. முதல் சுற்றில் பந்து அவளிடம் வந்தது, நழுவியது, அவுட். ஓரமாய்ப் போய் உட்கார்ந்தாள். இரண்டாவது சுற்றுக்குக் கூப்பிட்டார்கள், வந்தாள். மறுபடி பந்து வந்தது, மறுபடி அவுட். அப்புறம் மணி அடிக்கும்வரை குச்சியால் மண்ணில் வீடு வரைந்தாள். நல்ல வீடு, கதவு, ஜன்னல், மொட்டை மாடியில் டிஷ் ஆன்டெனா உட்பட.

நாற்பது நிமிஷத்தில் அவள் பந்தைத் தொட்டது இரண்டே தடவை. ஓடியது, வட்டத்துக்கு வந்ததும் போனதும்தான்.

எனக்கு ஏன் உறைத்தது என்றால், அதுவரை நான் கொஞ்சம் பெருமையாகவே திரிந்துகொண்டிருந்தேன். மற்ற பள்ளிகளில் பி.டி. பீரியடைக் கணக்கு சாப்பிட்டுவிடும், நம் பள்ளியில் பிள்ளைகளைக் கட்டாயம் வெளியே விடுகிறோம் என்று. உதயநிதி ஸ்டாலின் விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது, பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று ஆசிரியர்களை மேடையிலேயே கேட்டுக்கொண்டார். எல்லோரும் கைதட்டினோம், மீம் போட்டோம். நானும் ஷேர் பண்ணினேன். கடன் போகாத பீரியடில் பிள்ளை என்ன செய்கிறது என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

அன்றைக்கு ராத்திரி நாங்கள் விளையாடவைக்கும் விளையாட்டுகளை ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். மியூசிக்கல் சேரில் யார் முதலில் வெளியே போகிறார்கள்? மெதுவாக நகரும் பிள்ளை. இன்னும் நாலு சுற்று ஓடினால் நல்லது என்று நாம் நினைக்கும் அதே பிள்ளையை முதல் ஆளாக உட்காரவைக்கிறோம். ஏற்கெனவே வேகமாக இருக்கிற இரண்டு பையன்கள் கடைசிவரை சுற்றுகிறார்கள், நாம் கைதட்டுகிறோம். படிக்கத் தடுமாறும் பிள்ளையை, "நீ தப்பா வாசிச்சுட்ட, இன்னிக்கு முழுக்க புத்தகத்தைத் தொடாதே" என்று சொல்வோமா? பந்து விஷயத்தில் தினமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தண்டனைக் கதை இன்னொன்று. ஹோம்வொர்க் எழுதவில்லையா, பி.டி. கிடையாது, உள்ளேயே உட்கார். வகுப்பில் பேசினாயா, போய் கிரவுண்டை நாலு ரவுண்டு ஓடிவா. விளையாடவிடாமல் வைப்பதும் தண்டனை, ஓடவிடுவதும் தண்டனை. இப்படி வளர்ந்த பிள்ளை முப்பது வயதில் வாக்கிங் போகச் சொன்னால் முகம் சுளிக்காமல் என்ன செய்யும்? நானும் முகம் சுளிப்பவள்தான், டாக்டர் சொல்லியும்.

ஆசிரியர்கள்மேல் பழி போடுவதற்காக இதை எழுதவில்லை, நானே அந்த ஜாதிதானே. கல்வி உரிமைச் சட்டம் வந்தது 2009-ல். அதன்படி 60 பிள்ளைகள் வரை தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். மைதானம் வேண்டும், விளையாட்டுப் பொருள் வேண்டும் என்று அதே சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. ஆனால் உடற்கல்விக்கு ஆள் என்று வரும்போது ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குத்தான், அதுவும் 100 பிள்ளைக்கு மேல் இருந்தால், அதுவும் பகுதிநேரம். 2012-ல் தமிழ்நாட்டில் மாதம் 5,000 ரூபாய்ச் சம்பளத்தில் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்களே, உடற்கல்வி, ஓவியம், தையல் என்று, அதுவும் அந்த வகுப்புகளுக்குத்தான். அவர்கள் பட்ட பாடு தனிக் கதை. ஒன்று முதல் ஐந்துவரை பி.டி. சாரும் நான்தான், பாட்டு டீச்சரும் நான்தான், பள்ளி விவரங்களை எமிஸ் என்கிற அரசு இணையதளத்தில் ஏற்றுகிற கிளார்க்கும் நான்தான்.

ஆசிரியர் பட்டயப் பயிற்சியில் உடற்கல்வி என்று ஒரு பாடம் இருந்தது. ரெக்கார்ட் நோட்டில் கபடி மைதானம் வரைந்தேன், ஆண்களுக்கு 13-க்கு 10 மீட்டர், பெண்களுக்கு 12-க்கு 8. இன்றைக்குத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆறு வயதுப் பிள்ளைக்குப் பந்து பிடிக்க எப்படிச் சொல்லித் தருவது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. அது தானாக வரும் என்று நினைத்தோம். சிலருக்கு வரும், வராத பிள்ளைகளை அவுட் என்று உட்காரவைத்துவிடுவோம்.

கால் சரியான பிறகு அந்தப் பெண்ணோடு நானே நின்று பார்த்தேன். பந்து வரும்போது கண்ணை மூடிக்கொள்கிறாள். கை இரண்டும் கட்டை மாதிரி நீட்டி நிற்கிறது. பயம்தான், வேறொன்றுமில்லை. கால்பந்து ஒருமுறை மூக்கில் பட்டிருக்கிறது. வீட்டிலிருந்து பழைய புடவையைக் கிழித்து, சுருட்டி, நூலால் இறுக்கிக் கட்டி துணிப்பந்து செய்து கொண்டுபோனேன், தேங்காய் அளவுக்கு. முதலில் அவளே மேலே தூக்கிப் போட்டு அவளே பிடிக்க வேண்டும். அப்புறம் இரண்டடி தூரத்திலிருந்து நான் போட்டேன். பந்து வரும்போது "வயித்தோட அணைச்சுக்கோ" என்றதும் பிடித்துவிட்டாள். இரண்டு வாரத்தில் கண் திறந்தது. ஒரு மாதத்தில் ஒற்றைக் கையால் பிடித்துக் காட்டி, "டீச்சர் பாருங்க" என்றாள். அவள் என்னிடம் தானாகப் பேசிய முதல் வாக்கியம் அநேகமாக அதுதான்.

இப்போது எங்களிடம் பன்னிரண்டு துணிப்பந்துகள் இருக்கின்றன. இரண்டு பேருக்கு ஒன்று, யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. அவுட் என்கிற சொல்லை எடுத்துவிட்டோம். பந்தை விட்டால் ஐந்து முறை குதித்துவிட்டு விளையாட்டுக்குத் திரும்ப வரலாம். பையன்கள் முதலில் முணுமுணுத்தார்கள், "அப்ப யாரு டீச்சர் ஜெயிச்சது?" என்று. ஒரு வாரத்தில் மறந்துபோனார்கள்.

அடுத்தது பாண்டி. சில ஊர்களில் நொண்டி என்பார்கள், சில்லு என்பார்கள். கட்டம் போட ஒரு சாக்பீஸ், ஓட்டுச் சில்லு ஒன்று, அவ்வளவுதான் செலவு. குறிபார்த்து எறிய வேண்டும், ஒற்றைக்காலில் தாவ வேண்டும், கோட்டை மிதிக்கக் கூடாது, ஒற்றைக்காலில் நின்றபடியே குனிந்து சில்லை எடுக்க வேண்டும், திரும்ப வேண்டும். ஏழெட்டு வயதுக்கு வேண்டிய உடற்பயிற்சி முக்கால்வாசி அதிலேயே இருக்கிறது. அது பெண்பிள்ளை விளையாட்டு என்று யார் சொன்னார்களோ! எங்கள் பள்ளியில் ஓட்டப் பந்தயத்தில் எப்போதும் முதலில் வருகிற பையன் இரண்டாவது கட்டத்திலேயே காலை ஊன்றிவிட்டான். அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒரே கட்டத்துக்கு எட்டுப் பேர் வரிசையில் நின்றால் மறுபடி பழைய கதை ஆகிவிடும் என்பதால் எட்டுக் கட்டம் போட்டேன். ஒரு கட்டத்துக்கு மூன்று பேர்.

பெண்பிள்ளைகளுக்கு இன்னொரு தொந்தரவு உடை. பாவாடையைப் பிடித்துக்கொண்டே தாவுகிறார்கள், ஒரு கை எப்போதும் அதற்கே போய்விடுகிறது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அம்மாக்களிடம் சொன்னேன், வியாழக்கிழமை உள்ளே ஒரு ஷார்ட்ஸ் போட்டு அனுப்புங்கள் என்று. "அதுக்கென்ன டீச்சர்" என்று முடித்துவிட்டார்கள். பெரிய எதிர்ப்பு வரும் என்று நான்தான் பயந்திருந்தேன்.

எதிர்ப்பு வேறு இடத்திலிருந்து வந்தது. ஒரு பையன் விழுந்து முட்டி சிராய்த்துக்கொண்டான். அப்பா மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். "படிக்க அனுப்பினா ஓடவிட்டு ரத்தம் வரவைக்கிறீங்களே டீச்சர்." பேச்சோடு பேச்சாக, பக்கத்து ஊர் இங்கிலீஷ் மீடியத்தில் கராத்தே, ஸ்கேட்டிங் எல்லாம் இருக்கிறதாம் என்றார். இருக்கலாம், தனி ஃபீஸ் கட்டுகிற பிள்ளைகளுக்கு. வேன் நிறுத்துகிற இடத்தில்தான் அங்கே ஸ்கேட்டிங் நடக்கிறது. நான் அவரிடம் வாதாடவில்லை. உங்கள் பையன் விழுந்து தானே எழுந்து வந்தான் அண்ணே, அழவில்லை என்று மட்டும் சொன்னேன். உண்மையில் கொஞ்சம் அழுதான்.

பொருள் விஷயத்துக்கு வருவோம். சமக்ர சிக்ஷா என்கிற பள்ளிக் கல்வித் திட்டத்தில் தொடக்கப் பள்ளிக்கு விளையாட்டுப் பொருளுக்காக ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை உண்டு. முன்பு நான் வேலைபார்த்த ஒரு பள்ளிக்கு அப்படி வந்த கேரம் போர்டு, செஸ், ரிங், ஸ்கிப்பிங் கயிறு எல்லாம் பாலித்தீன் பிரிக்காமல் பீரோவில் இருந்தன. "ஸ்டாக் ரிஜிஸ்டர்ல ஏத்தியாச்சு. கயிறு அறுந்துபோனா யாரு பதில் சொல்றது?" என்பார் தலைமையாசிரியர். அவரைக் குற்றம் சொல்லவும் மனசு வரவில்லை. ஆய்வுக்கு வருகிறவர்கள் பொருள் இருக்கிறதா என்றுதான் எண்ணுகிறார்கள். தேய்ந்த பந்தைக் காட்டினால் திட்டு, புதுப் பந்தைக் காட்டினால் சபாஷ். நான் அதிகாரியாக இருந்தால் அப்படியே திருப்பிப் போடுவேன். ஜூன் மாதம் வந்த பந்து மார்ச்சிலும் பளபளவென்று இருந்தால் விளக்கம் கேட்பேன்.

வாரத்தில் இரண்டு பீரியட் போதுமா என்றால் போதாது. ஐந்து வயது முதல் பதினேழு வயதுவரை தினமும் சராசரியாக 60 நிமிஷம் உடம்பு நன்றாக அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஸ்காட்லாந்தில் ஸ்டர்லிங் ஊரில் எலைன் வைலி என்கிற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை 2012-ல் ஒரு காரியம் செய்தார். தினமும் 15 நிமிஷம், எல்லாப் பிள்ளைகளும் போட்ட உடையோடு வெளியே வந்து, ஓடவோ மெல்ல ஓடவோ வேண்டியது. போட்டி கிடையாது, தனி உடை, உபகரணம் எதுவும் கிடையாது. அது பல நாடுகளுக்குப் பரவியது. படித்ததும் எனக்குத் தோன்றியது, இதற்கு எதற்கு ஸ்காட்லாந்து, நம் பிள்ளைகள் மணி அடித்ததும் வாசலைத் தாண்டி ஓடுகிற ஓட்டத்தை நாம்தானே "ஓடாதே, ஓடாதே" என்று நிறுத்துகிறோம்.

நாங்களும் காலையில் செய்து பார்த்தோம். முன்பென்றால் துணிந்திருக்க மாட்டேன், பிரேயரிலேயே இரண்டு பிள்ளைகள் மயங்கி உட்காரும், வெறும் வயிற்றோடு வந்திருக்கும். 2023 ஆகஸ்டில் காலை உணவு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்த பிறகுதான் காலையில் ஓடச் சொல்லவே வாய் வருகிறது. சாப்பிட்ட உடனே ஓடினால் கிச்சடி வெளியே வந்துவிடும் என்பதை முதல் நாளே கற்றுக்கொண்டோம். இப்போது முதல் பீரியட் முடிந்த பிறகு வெளியே விடுகிறேன். வெயில் ஏறிவிட்டால் மரத்தடியிலேயே பச்சைக்குதிரை. அதற்கடுத்த பீரியடில் கணக்கு எடுக்கிற என் சக ஆசிரியை ஆரம்பத்தில் முறைத்தார். இப்போது மழை வந்து வெளியே விட முடியாத நாளில், "இன்னிக்கு இதுங்களை உக்காரவைக்க முடியலப்பா" என்று அவரே புலம்புகிறார்.

ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் உடற்கல்வி ஆசிரியர் போடுங்கள் என்று நான் கேட்கப் போவதில்லை, பாடம் எடுக்கவே ஆள் இல்லாத இடத்தில் அது நடக்கிற காரியமா. அக்கம்பக்கத்துப் பள்ளிகளைச் சேர்த்துக் குறுவள மையம் என்று வைத்திருக்கிறார்களே, அதற்கு ஒருவர் இருந்தால் போதும். பள்ளிக்கு ஒரு நாள் என்று சுற்றி வரட்டும், எங்களோடு மைதானத்தில் நின்று காட்டட்டும். பந்தைக் கண்டு பயப்படுகிற பிள்ளையை என்ன செய்வது, கால் வளைந்து ஓடுகிற பிள்ளையை எப்போது டாக்டரிடம் அனுப்புவது, இதெல்லாம் பயிற்சி முகாமில் பவர் பாயின்ட் பார்த்து வருகிற விஷயம் இல்லை.

சரி, ஒரு உதவி. மைதானத்தில் பாதியைச் சீமைக் கருவேலம் பிடித்திருந்தது, நூறு நாள் வேலை அக்காக்கள் வெட்டிக் கொடுத்துவிட்டார்கள். இடம் இருக்கிறது இப்போது. பழைய பைக் டயர் ஆறு வேண்டும், மண்ணில் பாதி புதைத்து ஏறித் தாவ. கார் டயர் வேண்டாம், முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயரமாகிவிடும். விருத்தாசலம் பக்கம் யாரிடமாவது இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், சனிக்கிழமை நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். புடவையும் வாங்கிக்கொள்வேன், ஆனால் பருத்திப் புடவையாக இருக்கட்டும். நைலக்ஸ் வழுக்குகிறது, பந்து நிற்பதில்லை.